இன்னும் பத்து வருஷத்தில்

இன்னும் பத்து வருஷத்தில் இதற்கு மருந்து வந்துவிடும் என்று ஒரு டாக்டர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னபோது நான் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் ஒரு கண் மருத்துவமனை. தலை நரைத்த மனிதர், பொறுமையாகப் பேசினார். ஒரு தாளில் கண்ணை வரைந்து, அதன் பின்பக்கத் திரையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அம்புக்குறிகள் போட்டார். பார்வை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் என்றார். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதைப் போல நடுவில் கொஞ்சம் மிஞ்சும். அதுவும் எத்தனை காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்தப் பத்து வருஷத்தைச் சொன்னார்.

நான் பயப்படவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பத்து வயதில், பொழுது சாயும் நேரத்தில் பள்ளி மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்த பந்து எனக்கு மட்டும் தெரியாமல் போன நாளிலிருந்து, எனக்கு நடந்த வைத்தியம் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும்தான். மாலைக்கண், சத்துக் குறைவு, தின்றால் சரியாகிவிடும் என்றார்கள். எத்தனை ஆட்டு ஈரல் தின்றிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படிப்பட்டவனிடம் ஒருவர் வந்து, இது கீரையில் தீராது, விஞ்ஞானத்தில் தீரும் என்றால் எப்படி இருக்கும்? படிக்கிறதோ இயற்பியல். என் சொந்தக்காரர்கள் யாரோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் எனக்காக உட்கார்ந்து வேலை பார்ப்பது போலத்தான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இது வந்த வழியையும் அவரே விளக்கினார். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும். இருவர் ரத்தத்திலும் ஆளுக்குப் பாதியாக ஒளிந்திருந்த குறை, என்னிடம் வந்து முழுசாகச் சேர்ந்துகொண்டது. அக்காவுக்கு வரவில்லை. ஆனால் அவளிடமும் பாதி ஒளிந்திருக்கலாம், பாதி மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது என்றார். அந்த "இருக்கலாம்" என்ற வார்த்தை இத்தனை காலம் கழித்து வந்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

வேலை கிடைத்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். கீரனூரில் வீடு. கல்யாணம் ஆனது. மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், ரத்த உறவு இல்லை, அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். வீட்டில் ஒரு சட்டமும் தானாக உருவாயிற்று. விளக்கு வைப்பதற்குள் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கட்டுப்பாடான குடும்பம் என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது. கட்டுப்பாடாவது ஒன்றாவது. எனக்கு ஆறரை மணிக்கு மேல் வாசற்படி தெரியாது, அவ்வளவுதான். கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்குப் போவேன், முந்தின நாள் வரவேற்புக்குப் போக மாட்டேன். ஆவூரிலிருந்து வரும் வேதியியல் ஆசிரியர் வருஷம் தவறாமல் தங்கள் ஊர்ச் சர்ச்சில் ராத்திரி நடக்கும் தேர்பவனிக்குக் கூப்பிடுவார். நானும் வருஷம் தவறாமல் ஒரு வயிற்றுவலி வரவழைத்துக்கொள்வேன். பக்கவாட்டில் நின்று வணக்கம் வைக்கிறவர்களைக் கவனிக்காமல் கடந்து போவதால் தலைக்கனம் பிடித்த வாத்தியார் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. தடுக்கி விழுகிற வாத்தியார் என்பதற்கு அது எவ்வளவோ தேவலாம் என்று விட்டுவிட்டேன்.

பத்து வருஷம் ஆனது. மறுபடி போனேன். பழைய டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். புதியவர் பெரிய கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி ரொம்ப வேகமாகப் போகிறது, இன்னும் பத்து வருஷத்தில் வந்துவிடும் என்றார். அதற்கும் பிறகு இன்னொருவர். அவர் என் வியாதியைவிட வயதில் சின்னவர். ஏதோ ஒரு வகைக்கு மட்டும் வெளிநாட்டில் ஊசி வந்துவிட்டது, உங்களுடையது அந்த வகை இல்லை, உங்களுக்கும் வரும், இன்னும் பத்து வருஷத்தில் என்றார். டாக்டர்கள் மாறினார்கள், கருவிகள் மாறின, நாற்காலி கூட மாறியது. அந்தப் பத்து மட்டும் ஒன்பதாகவே இல்லை.

இதற்கிடையில் உலகம் சும்மாவா இருந்தது? எஸ்.டி.டி. பூத் போய் செல்போன் வந்தது. செல்போனில் படம் வந்தது, பணம் வந்தது, உலகமே வந்தது. என் கண்ணுக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால், எல்.ஈ.டி. டார்ச் என்பேன். சிரிக்க வேண்டாம், உண்மை. இத்தனை வருஷ விஞ்ஞானத்தில் எனக்கென்று கைக்கு வந்து சேர்ந்தது அந்த வெள்ளை வெளிச்சம் ஒன்றுதான்.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றி வேதியியல் ஆசிரியரோடு அடிக்கடி சண்டை. அம்மா காலத்தில் அம்மை ஒழிந்தது, எங்களுக்குப் பின்னால் பிறந்தவர்கள் காலத்தில் போலியோ ஒழிந்தது, ரேஷன் கடையில் நம் முறை வரும்போது சர்க்கரை தீர்ந்துபோவதைப் போல என் முறை வரும்போது மட்டும் எல்லாம் நின்றுவிட்டது என்று புலம்புவேன். பன்னிரண்டாம் வகுப்பில் நான் செய்த அதே மின்னழுத்தமானி சோதனையைத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் செய்கிறார்கள், பாடப்புத்தகத்தின் அட்டைதான் பளபளக்கிறது என்பேன். அவர் நிதானமான மனிதர். நின்றுவிடவில்லை சார், நம் ஊரில் போர் போடுவதைப் போல ஆகிவிட்டது என்றார். முன்பெல்லாம் நாலு ஆள் கிணறு தோண்டினால் தண்ணீர் கிடைத்தது. இப்போது லாரி வந்து ராத்திரி பகலாகத் துளைத்தாலும் புகையாகப் புழுதிதான் வருகிறது. துளைக்கிறவன் சோம்பேறி இல்லை, தண்ணீர் அவ்வளவு கீழே போய்விட்டது என்றார். ஆறுதலாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

போன சித்திரையில் அக்கா பெண் கேட்டு வந்தாள்.

அக்கா குளத்தூரில் இருக்கிறாள். ஒரே மகன், திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. என் மகளும் திருச்சியில்தான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊர் வழக்கப்படி தாய்மாமன் மகள், உரிமைப்பெண். யாரையும் கேட்கவே வேண்டியதில்லை. அக்கா தட்டோடு வந்ததே எனக்கு மரியாதை செய்யத்தான்.

எனக்கு அந்தப் பழைய "இருக்கலாம்" நினைவுக்கு வந்தது. என்னிடம் இருப்பதில் பாதி என் மகளுக்கு நிச்சயம் உண்டு. அது அவளை ஒன்றும் செய்யாது. அக்கா மகனிடமும் ஒரு பாதி இருந்தால், பிறக்கிற பிள்ளை இன்னொரு நானாக இருக்கலாம். இதை எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். ரத்தத்தில் ஜீன் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன்.

அக்காவோடு வந்திருந்த மருமகன் உற்சாகமாகத்தான் இருந்தான். போனை எடுத்து, முந்தின நாள் இருட்டில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினான். எங்கள் தெரு. எனக்கு ராத்திரியில் வெறும் கறுப்பாக மட்டுமே தெரிகிற தெரு. அதில் வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும் படுத்திருந்த நாயும் பகல் போலத் தெரிந்தன. அந்தப் போனுக்குப் பின்னால் மூன்று கண்கள். மூன்றும் என்னைவிட நன்றாகப் பார்க்கின்றன. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிமேல் எல்லா மருந்தையும் அதுவே கண்டுபிடித்துவிடும், பத்து வருஷமெல்லாம் ஆகாது மாமா, அஞ்சு வருஷம் போதும் என்றான். பத்து அஞ்சானதே பெரிய முன்னேற்றம்தான் என்று சுருக்கென்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"போன்லயே இருட்டு தெரியுதுங்கிறான். இவ்வளவு கண்டுபிடிச்சவன் கண்ணுக்கு மருந்து கண்டுபிடிக்க மாட்டானா? எம்புள்ளை ரத்தம் ஒனக்குக் கசக்குதா?"

மனைவி வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. இனி இந்த வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள். சொன்னதைச் செய்கிறவள். அதற்காக வருவதை நிறுத்தவில்லை. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள், என் மனைவியோடு ஊர்க்கதை பேசினாள், பூ கட்டினாள், கூடையிலிருந்து தன் வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, என் கண் முன்னால் வைத்துக் குடித்தாள். அந்த பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். இருட்டில் நான் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட நாளிலெல்லாம் அம்மாவிடம் சொல்லாமல் மஞ்சள் வைத்துக் கட்டியவள்.

மகள்தான் வழி கண்டாள். அவள் சொன்னதும் மருமகன் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டான். முதலில் என் ரத்தத்தில் எந்த ஜீனில் கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அது மருமகனிடம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்கள் மருத்துவமனையில். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஓடிய வாரங்களில் காத்திருந்ததைப் போல நான் எந்தத் தேர்வு முடிவுக்கும் காத்திருந்ததில்லை. வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருப்பேன், மனசு அங்கே இருக்காது. மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும்போது, பந்து தவறவிடுகிற ஒவ்வொருவனையும் உற்றுப் பார்ப்பேன். இருக்கிறது என்று வந்தால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? இல்லை என்று வந்துவிட்டால் அக்காவின் காலில் விழுந்தாவது அந்த பாட்டிலைப் பிடுங்கி எறிந்துவிடலாம். இரண்டில் ஒன்று வரும் என்று மட்டும் உறுதியாக நம்பினேன். விஞ்ஞானம் படித்தவன் அல்லவா.

முடிவு சொல்ல மருத்துவமனையிலிருந்து கூப்பிட்ட அன்று நானும் மகளும் மருமகனும் போனோம். அக்கா எங்கள் வீட்டில் என் மனைவியோடு காத்திருந்தாள். பாட்டிலோடுதான். கூட்டம் அதிகம், எங்கள் டோக்கன் வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகும்போதே எனக்குப் பதற்றம் தொடங்கிவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சுற்றி வளைக்கவில்லை. இன்றைக்குத் தெரிந்திருக்கிற ஜீன்கள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, எதிலும் உங்கள் குறைக்குக் காரணம் கிடைக்கவில்லை என்றார். காரணம் இருக்கிறது, ஆனால் அது எங்கே என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. அது தெரியாமல் மருமகனின் ரத்தத்தில் எதைத் தேடுவது? அதனால் அவருக்குப் பரிசோதனை செய்து பயனில்லை. ஒன்று ஆம், இல்லையென்றால் இல்லை என்று காத்திருந்தவனுக்கு மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தார்கள்.

மருமகன் தன் போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். எதுவும் தேடவில்லை. எப்போது தெரியவரும் என்று மகள் கேட்டாள். சில வருஷங்கள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் விடவில்லை. மருந்துக்கு எத்தனை வருஷம் என்று கேட்டேன். பத்து என்பார், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாக்கு தயாராக இருந்தது.

"தெரியலை சார்," என்றார். "சும்மா ஒரு நம்பர் சொல்ல எனக்கு மனசு வரலை."

இத்தனை வருஷத்தில் என்னிடம் உண்மையைச் சொன்ன முதல் டாக்டர். நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால் கும்பிடத் தோன்றவில்லை. அந்தப் பத்து வருஷத்தை நான் கேலி செய்து கேலி செய்தே அதன் மேல்தான் சாய்ந்து நின்றிருக்கிறேன் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. பொய் என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறேன், கல்யாணம் செய்திருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன். அதையும் இந்தப் பெண் பிடுங்கிவிட்டாளே என்று அநியாயமாக அவர் மேல் கோபம் வந்தது.

பஸ்ஸில் வரும்போது வெளியே பொழுது இறங்கிக்கொண்டே வந்தது. பாதி வழியில் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நாங்க கட்டிக்கத்தான்ப்பா போறோம். தெரியாமத்தான் கட்டிக்கிறோம், அது தெரியும். அத்தைக்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிருங்க. அவங்களும் தெரிஞ்சே பண்ணட்டும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இருந்தும் எனக்குப் பயமாக இருந்தது. அவள் பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போது நான் இருந்தாலும் என் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அது மைதானத்தில் பந்தைத் தேடி நிற்பதைக்கூட என்னால் பார்க்க முடியாது.

கீரனூரில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. வழக்கமாக மகள் முழங்கையை நீட்டுவாள், நான் பிடித்துக்கொள்வேன். படி வந்தால் படி என்பாள், பள்ளம் வந்தால் பள்ளம் என்பாள், பக்கத்தில் போகிறவர்களுக்குக் கேட்காது. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவளுக்கு அது பழக்கம். அன்றைக்கும் முழங்கையைக் கொடுத்தாள். நாலு எட்டு வைத்ததும் என் கையை எடுத்து மருமகன் கையில் வைத்துவிட்டாள்.

"நீங்க கூட்டிட்டு வாங்க அத்தான். பழகிக்கங்க," என்றாள்.

அவன் போனில் வெளிச்சம் போட்டான். அது என் கண்ணுக்கு நேரே அடித்து, இருந்த கொஞ்சத்தையும் கெடுத்தது. அதை அணைக்கச் சொன்னாள். அவன் நடந்தான், ஒன்றும் சொல்லவில்லை, என் கால் சாக்கடைப் பலகையில் இடறியது. அதற்குப் பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். மாமா கல்லு, மாமா மேடு, மாமா அங்கிட்டு ஒரு சைக்கிள் நிக்கிது. மேடு இல்லாத இடத்திலும் மேடு என்றான். அவன் கை வேர்த்திருந்தது. மருந்து வந்துவிடும் என்று போனைக் காட்டின பையன், கல் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியும் நாங்கள் வராததில் பயந்துபோயிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"டாக்டர் என்னப்பா சொன்னாங்க?" என்றாள். மகனைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். "ஒன் கண்ணுக்கு ஏதாச்சும் வழி இருக்குன்னாங்களா?"

உள்ளதை உள்ளபடி சொல்ல வாயைத் திறந்தேன். பஸ்ஸிலிருந்து அதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இன்னும் பத்து வருஷத்துல மருந்து வந்துரும்னாங்க அக்கா," என்றேன். "பிள்ளைகளைப் பத்திப் பயப்பட ஒண்ணும் இல்லையாம்."

என் கை இன்னும் மருமகன் கையில்தான் இருந்தது, அவன் அதை இறுக்கிப் பிடித்தான். அக்கா பெருமூச்சு விட்டாள். கூடையில் பாட்டில் உருளும் சத்தம் கேட்டது. அதை எடுக்கிறாளோ என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

"ஏத்தா, அத்தைக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடு," என்றாள் என் மகளிடம்.

மகள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. வாசல் விளக்கின் வெளிச்சம் எனக்குப் போதாது. அவள் நகர்கிற சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போனாள், குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.